பை புறப்பட்ட நாள்

கதிரேசனின் பாஸ்போர்ட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து இரண்டு எறும்புகள் இறங்கி வந்தன. ஒன்று கவிப்ரியாவின் கால்குலேட்டர் மேல் ஏறிக்கொண்டது. மற்றது வந்த வழியே திரும்பிப் போனது. உள்ளே அதற்கு இன்னும் வேலை பாக்கி போலிருக்கிறது.

"சாமி படத்துக்கு முன்னாடி வச்சிருந்தது, ஆத்தா," என்றார் கதிரேசன். அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் சிங்க முத்திரைக்கு மேல் ஒரு குங்குமப் பொட்டு. இதை நீட்டியவரைத் தடுக்காமல் முத்திரை குத்தி அனுப்பிய அத்தனை அதிகாரிகளையும் கவிப்ரியா மனதுக்குள் ஒருமுறை பாராட்டிக்கொண்டாள்.

டன்லப் ஸ்திரீட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நேர்மேலே இருந்தது சுரேந்தரின் வரி அலுவலகம். சிங்கப்பூரில் குடியிருந்துகொண்டு இந்தியாவில் பென்ஷனோ வட்டியோ வாங்குகிறவர்கள், அந்த ஊருக்குக் காட்ட வேண்டிய வரிக் கணக்கை இங்கே வந்து எழுதிப் போவார்கள். கணக்கைத் தாக்கல் செய்வதற்குக் கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று. அன்றைக்கு ஜூலை இருபத்தொன்பது. கீழேயிருந்து நெய் ரோஸ்ட் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிற யாருக்கும் பொறுமை இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

கவிப்ரியாவுக்கு எப்போதுமே இல்லை. மணப்பாறைப் பக்கத்துப் பெண். எம்.காம். அவள் வீட்டில் காலேஜ் வாசலைத் தாண்டிய முதல் ஆள். இந்த அலுவலகத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை. அந்த ஆறு மாதமும் இதே முப்பத்தொன்றோடு முடிகிறது. சுரேந்தர் வேலையை நிரந்தரமாக்கினால் இங்கே வேலை பார்ப்பதற்கான பாஸ் புதுப்பிக்கப்படும், சம்பளம் கூடும், ஏசிக்குக் கீழே இழுப்பறை வைத்த மேசை கிடைக்கும். ஆக்காவிட்டால் விமானம். இப்போதைக்கு அவளுக்குக் கொடுத்திருந்தது கழிவறைக் கதவை ஒட்டிய ஒரு மடக்கு மேசை. யாராவது கதவைத் திறந்தால் அவள் மடிக்கணினியை மூட வேண்டும்.

காலையிலேயே சுரேந்தர் சொல்லிவிட்டார். "கவி, கதிரேசன் அண்ணன் பன்னெண்டு வருஷமா நம்மகிட்டதான் வர்றாரு. அவரு குடியிருக்கிற ஆங் மோ கியோவுல பாதி பேரை நமக்குப் புடிச்சுக் குடுத்ததே அவருதான். அவரு ஃபைலை நல்லபடியா முடிச்சுட்டேன்னா உன் லெட்டரை டைப் பண்ணிடலாம். அவரு கோவிச்சுக்கிட்டுப் போனாருன்னா..."

மீதியைச் சொல்லாமல் விட்டார். சொல்லாமல் விடுவதில் சுரேந்தர் கெட்டிக்காரர். அதைக் கொண்டே பதினைந்து வருஷம் தொழில் நடத்தியிருக்கிறார்.

ஃபைல் சின்னதுதான். கதிரேசன் காரைக்குடிக்காரர். ஊரில் அரசு வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் வந்து, கப்பல் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து, அதிலும் ஓய்வு பெற்றவர். இங்கே நிரந்தரவாசி, பாஸ்போர்ட் இன்னும் இந்தியாவுடையது. ஊரிலிருந்து பென்ஷன், பேங்க் டெபாசிட் வட்டி, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட். வெளிநாட்டில் குடியிருப்பவர் என்பதால் வட்டியில் முப்பது சதவீதத்துக்கு மேல் பேங்க்காரர்களே வரியாகப் பிடித்துவிட்டார்கள். கணக்குக் காட்டினால் பெரும்பகுதி திரும்பி வரும்.

"அங்கிள், போன நிதியாண்டுல எத்தனை நாள் இந்தியாவுல இருந்தீங்க?"

"நூத்தி எண்பது," என்றார் பட்டென்று. பக்கத்தில் அவர் மனைவி சுசீலா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரிலிருந்த நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"தேதி சொல்லுங்க."

"ஏப்ரல் அஞ்சு போனேன். அக்டோபர் ஒண்ணு கிளம்பிட்டேன். வீட்டுக்கு மாடி எடுத்தோம்ல, கொத்தனாரு இழுத்துட்டான்."

"நடுவுல வேற எந்த நாட்டுக்காவது போனீங்களா?"

"இல்ல." இதை அவர் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "எங்கயும் போகல. எழுதிக்க."

கவிப்ரியா முத்திரைகளைத் தேடினாள். ஏப்ரல் ஐந்து, திருச்சி, வருகை. சரி. அக்டோபர் நான்கு, திருச்சி, புறப்பாடு.

"அங்கிள், இதுல நாலாம் தேதின்னு இருக்கு."

"அது ஃப்ளைட்டு கிளம்பின தேதி, ஆத்தா."

"நீங்க ஃப்ளைட்டுலதானே வந்தீங்க?"

"ஃப்ளைட்டுல வந்தேன். ஆனா ஒண்ணாம் தேதியே கிளம்பிட்டேன். பரஸ்தானம் வச்சாச்சு."

கவிப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். பரஸ்தானம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். புறப்பட வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நாளில், நல்ல நேரம் பார்த்து, துணியோ குடையோ வைத்த ஒரு பையைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டதால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் விமானம் ஏறினாலும் தோஷம் பின்னால் வராது. அவள் ஊரிலும் உண்டு. ஆனால் அதை வருமான வரிப் படிவத்தில் எழுத வருகிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"நாலாம் தேதி டிக்கெட்டுதான் மலிவா கெடச்சுது. அன்னைக்கு நாள் சரியில்ல. ஒண்ணாம் தேதி முகூர்த்த நாள். காலையில ஒம்பதே காலுக்குத் தெருக்கோடி வீட்டுல பையை வச்சேன். இந்தா பாரு." கதிரேசன் கைபேசியை நீட்டினார். திண்டில் சாய்ந்து, பக்கத்தில் குடையை நிறுத்திக்கொண்டு, பயணத்துக்குத் தயாராக ஒரு மஞ்சள் பை அமர்ந்திருந்தது. படத்துக்குக் கீழே தேதியும் நேரமும் இருந்தன. "ஆதாரம் இருக்கு. வாட்சப்ல என் மவனுக்கும் அனுப்பியிருக்கேன். கிளம்பிட்டேன்னு அதுலயே எழுதியிருக்கேன்."

"அங்கிள், இந்தப் பை வரி கட்டுதா?"

"ஏன் கட்டணும்?"

"அப்ப அது எப்பக் கிளம்பினா அரசாங்கத்துக்கு என்ன? நீங்க மூணு நாள் அங்கதானே இருந்தீங்க. சாப்பிட்டீங்க, தூங்கினீங்க."

"இருந்தேன். ஆனா கிளம்பினவனா இருந்தேன்."

அவள் நாட்களை எண்ணினாள். ஏப்ரலில் இருபத்தாறு, மே முப்பத்தொன்று, ஜூன் முப்பது, ஜூலையும் ஆகஸ்டும் முப்பத்தொன்று வீதம், செப்டம்பர் முப்பது, அக்டோபர் நான்கு. நூற்று எண்பத்து மூன்று.

"நூத்தி எண்பத்தி ரெண்டைத் தொட்டாலே போச்சு அங்கிள். அதுக்குக் கீழ இருந்தா நீங்க வெளிநாட்டுல குடியிருக்கிறவரு. இந்தியாவுல வர்ற பென்ஷன், வட்டி, ஃபண்ட் லாபம், இதை மட்டும் காட்டினா முடிஞ்சுது. தொட்டுட்டா உள்நாட்டுக்காரரு. இங்க உங்களுக்கு மாசாமாசம் வர்ற சிபிஎஃப் சேமநிதிப் பணம், பங்குல வர்ற டிவிடெண்ட், பேங்க் கணக்கு, ஒண்ணு விடாம அங்க எழுதணும்."

"ரெண்டுக்கும் நடுவுல ஏதோ சலுகை இருக்குன்னு சுரேந்தர் தம்பி சொன்னாரே."

"இருந்துச்சு. கொரோனாவுல ரெண்டு வருஷம் ஊர்லயே மாட்டிக்கிட்டீங்கல்ல, அதுல போயிருச்சு."

கதிரேசனின் முகம் கப்பல் பட்டறையில் சரக்குக் கணக்கு குறைந்த நாளில் இருந்ததுபோல் ஆனது. "அதான் சொல்றேன், நூத்தி எண்பதுன்னு போடு. பொய்யா சொல்றேன்? பை போட்டோ இருக்குல்ல."

இந்த இடத்தில் சுரேந்தர் தன் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கதை முழுவதும் அவருக்குக் கேட்டிருந்தது. அந்த அறைக்குக் கூரை வரை சுவர் கிடையாது.

"மூணு நாள்தானேம்மா," என்றார் மெதுவாக. "பெரியவங்க வழக்கம். வழக்கத்தை நாம மதிக்கணும்ல? பை வச்சாச்சுன்னா கிளம்பியாச்சுன்னு அவங்க நம்புறாங்க. நாம ஏன் குறுக்க நிக்கணும்?"

"அப்ப நீங்க உங்க லாகின்ல போடுங்க சார்."

சுரேந்தருக்கு அப்போது பார்த்து ஒரு ஃபோன் வந்துவிட்டது. மணியடிக்காத ஃபோன்.

கதிரேசன் எழுந்தார். "நான் வரிக்காகப் புதுசா கண்டுபுடிச்சேன்னு நெனைக்கிறே. நாளைக்கு எங்க எதிர் வீட்டு முகைதீன் பாயைக் கூட்டிட்டு வர்றேன். அவருகிட்ட கேளு, நான் எப்படிப்பட்டவன்னு. அப்பவும் நீ எழுதலைன்னா நான் வேற ஆபீசைப் பாத்துக்கிறேன்." பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எறும்பும் கூடவே போயிற்று.

அன்று மாலை பிடோக் போகிற ரயிலில் கவிப்ரியா நின்றுகொண்டே கோபப்பட்டாள். உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்து கோபப்படுவது அவளுக்கு வராது. பன்னிரண்டாவது முடித்த வருஷம், வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு ஒன்பது முறை நடந்தாள். உங்கள் தாத்தா படிக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அவரே கைநாட்டு வைத்த பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. உண்மையை ஒரு தாளில் ஏற்றுவதற்கே அவள் செருப்பு ஒரு ஜோடி போயிற்று. இங்கே ஒருவர், மஞ்சள் பை ஒன்றின் போட்டோவை வைத்துக்கொண்டு மூன்று நாளை அழிக்கப் பார்க்கிறார். அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு முதலாளியும் இருக்கிறார். எழுதிக் கொடுத்தால் வேலை. எழுதாவிட்டால் விமானம். அவள் விமானம் ஏறினால் எந்தப் பையும் முன்னால் போகாது, பின்னாலும் வராது.

எழுதுவதில்லை என்று இறங்குவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் கெம்பாங்கானில் முடிவு செய்துவிட்டாள். மீதிப் பயணத்தில் சுரேந்தரை மனதுக்குள் திட்டுவதற்கு நேரம் போதவில்லை.

மறுநாள் இரண்டரை மணிக்குக் கதிரேசன் சாட்சியோடு வந்தார். முகைதீன் பாய் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. கையில் பிளாஸ்டிக் பையில் தொங்கும் கோப்பி. சுசீலாவும் வந்திருந்தார். யாருடைய கட்சி என்று முகத்தில் தெரியவில்லை.

"பாய், சொல்லுங்க," என்றார் கதிரேசன். "நான் பை வச்சுட்டேன்னா என்ன அர்த்தம்?"

"கிளம்பிட்டாருன்னு அர்த்தம் லா," என்றார் முகைதீன், நாற்காலியில் முழுவதுமாக நிரம்பி, சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா'வோடு. "பாப்பா, இவரு சும்மா சொல்லல. பதினெட்டு வருஷமா எனக்குத் தெரியும். எங்க வீட்டுல பை வச்சிட்டாருன்னா அதுக்கப்புறம் அவரு வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு. 'நான் போயிட்டேன் பாய், அந்த வீட்டுல இனிமே நான் இல்ல'ம்பாரு. காலையில பசியாற எங்க வீடு. மத்தியானம் எங்க வீடு. தூங்குறது என் சோபா. சுசீலா தங்கச்சி கதவுக்கு வெளிய நின்னு மாத்திரை குடுத்துட்டுப் போகும்."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் கதிரேசன் கவிப்ரியாவிடம், மார்பு ஒரு அங்குலம் உயர.

கவிப்ரியா கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே இருந்தவளின் பேனா திடீரென்று நின்றது.

"பாய், உங்க வீட்டுலன்னா, ஆங் மோ கியோவுலயா?"

"வேற எங்க? எதிர் வீடு."

"அப்ப சிங்கப்பூர்ல இருந்து ஊருக்குப் போறப்பவும் பை வைப்பாரா?"

"வைக்காமலா? போன வருஷம்கூட வச்சாரே. ஏப்ரல் ரெண்டு. நல்லா ஞாபகம் இருக்கு, என் பேரன் இம்ரானுக்குப் பொறந்த நாள். கேக் வெட்டப் போறோம், இவரு பையோட உள்ள வந்து நிக்கிறாரு. கேக்குப் பக்கத்துல வச்சுட்டாரு. குடும்பப் போட்டோவுல எல்லாரும் இருக்கோம், நடுவுல அந்த மஞ்சப் பை. என் மருமவ இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கு." அவர் கைபேசியைத் தடவி எடுத்தார். இருந்தது. ஐந்து மெழுகுவத்தி, பதினோரு முகம், ஒரு பை. இந்தப் படத்திலும் குடை கூட வந்திருந்தது.

கதிரேசனின் மார்பு உயர்ந்த அங்குலத்தைத் திருப்பிக் கொடுத்தது. கப்பல் பட்டறையில் இருபது வருஷம் வரவு செலவு எழுதியவர். கணக்கு எங்கே போகிறதென்று அவருக்கு முதலில் புரிந்துவிட்டது.

"அங்கிள்," என்றாள் கவிப்ரியா. குரலை வேண்டுமென்றே மென்மையாக வைத்துக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமில்லாததால் மிரட்டுவதுபோல் இருந்தது. "உங்க வழக்கத்தை நான் மதிக்கிறேன். பை வச்ச நாள்தான் கிளம்பின நாள். அப்ப சிங்கப்பூரை விட்டு ஏப்ரல் ரெண்டாம் தேதியே கிளம்பிட்டீங்க. சரிதானே?"

"அது வந்து..."

"ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"என் சோபாவுல," என்றார் முகைதீன் உதவியாக.

"சோபா கணக்குல வராது பாய். வீட்டுல இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு. சிங்கப்பூர்ல இல்லைன்னா ஊர்லதான் இருக்கணும். ரெண்டாம் தேதில இருந்து ஒண்ணாம் தேதி வரைக்கும்." அவள் கால்குலேட்டரைத் தட்டித் திருப்பிக் காட்டினாள். "நூத்தி எண்பத்தி மூணு. ஃப்ளைட்டை வச்சு எண்ணினாலும் அதே நூத்தி எண்பத்தி மூணு. எப்படி வேணா எண்ணிக்கலாம், நீங்களே சொல்லுங்க, எதை எழுதட்டும்?"

கண்ணாடி அறையில் யாரோ இருமினார்கள். முகைதீன் கோப்பியை உறிஞ்சிவிட்டு, "நான் வந்திருக்கக் கூடாது லா," என்றார்.

கதிரேசன் மறுபடி கொண்டுவந்து மேசை மேல் வைத்திருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிப்ரியாவும் பார்த்தாள். ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வந்தது. வந்த வேகத்தில் போகவும் செய்தது. ஆள் கோவித்துக்கொண்டு போகவில்லைதான். ஆனால் இந்த முகத்தோடு படியிறங்கினால் நாளைக் காலையில் அவளும் பின்னாலேயே இறங்க வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட்டின் ஓரத்தில் எறும்பு ஒன்று ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. இரண்டும் ஒரே பக்கத்து விளிம்புக்குள் நுழைந்தன. மூன்றாவதாக வந்தது வாயில் ஏதோ தூக்கிக்கொண்டு வெளியே போனது.

அவள் பாஸ்போர்ட்டை எடுத்து, எறும்பு நுழைந்த இடத்தில் நகத்தை விட்டாள். பதினோராம் பக்கத்துக்கு அப்புறம் பதினான்கு வந்தது. பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே தடித்த தாளாக நின்றன. ஓரத்தில் பழுப்பாக ஏதோ பிசுபிசுத்தது. முகர்ந்தாள். வாழைப்பழம், வெல்லம், ஏலக்காய்.

"அங்கிள், பஞ்சாமிர்தமா?"

"சாமிகிட்ட வச்சதுன்னு சொன்னேன்ல. கொட்டியிருக்கும். அதுல ஒண்ணும் இல்ல ஆத்தா, வெத்துப் பக்கம்." அவர் கை நீட்டினார். அந்தக் கை வந்த அவசரம் கவிப்ரியாவுக்குப் பிடிக்கவில்லை. பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

அலுவலகத்தில் தேநீருக்கு ஒரு மின்கெண்டி உண்டு. பொத்தானை அழுத்தி, ஆவி வரத் தொடங்கியதும், ஒட்டிய பக்கங்களை அதற்குமேல் தள்ளிப் பிடித்தாள். இந்தியக் குடியரசின் சொத்தை இப்படி அவிப்பதற்கு என்ன தண்டனை என்று யோசித்துவிட்டு, யோசிப்பதை நிறுத்தினாள். இரண்டு நிமிஷத்தில் வெல்லம் இளகியது. பக்கங்கள் உதடு பிரிவதுபோல் பிரிந்தன. ஐந்தாறு எறும்புகள் வெந்நீருக்குள் விழுந்தன.

மூன்று முத்திரை தெரிந்தது. மதுரை, ஜூன் பத்து, புறப்பாடு. கொழும்பு. மதுரை, ஜூன் பதினைந்து, வருகை.

அவள் மேசைக்குத் திரும்பி வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். "எங்கயும் போகலைன்னு சொன்னீங்க. இலங்கைக்குப் போயிருக்கீங்க."

இரண்டு நாளாக நாள்காட்டியைத் தவிர எதையும் படிக்காத சுசீலா, இப்போது கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். நிதானமாகப் படித்தார்.

"ஜூன் பத்து," என்றார். "அன்னைக்கு மதுரைக்குப் போறேன், ரெண்டு நாள் அஞ்சு நாளாகும்னு சொல்லிட்டுல்ல போனீங்க."

"மதுரைக்குத்தான் போனேன், சுசீ."

"இதுல கொழும்புன்னு இருக்கு."

"மதுரையில ஃப்ளைட்டு இருந்துச்சு."

முகைதீன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். கவிப்ரியா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடி அறைக் கதவு ஒரு கோடு அளவுக்குத் திறந்தது.

கதிரேசன் மேசையைப் பார்த்துப் பேசினார். "கதிர்காமம் போற குரூப்புல ஒருத்தனுக்குக் காய்ச்சல். ஒரு சீட்டு காலி. காலையில ஆறு மணிக்கு ஃபோன் பண்றானுங்க, ஒம்பது மணிக்குள்ள வந்துருன்னு. என் பேரு வச்ச சாமி. கூப்புட்டா எப்படிப் போகாம இருக்குறது?"

"அன்னைக்கு அஷ்டமி," என்றார் சுசீலா.

கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார்.

"எங்க அக்கா பேத்திக்குத் திருச்சியில காதுகுத்து. புடவை கட்டிக் கிளம்பி வாசல்ல நிக்கிறேன். அஷ்டமியில வீட்டைத் தாண்டக் கூடாது, பையும் வைக்கல, போனா விளங்காதுன்னு சொல்லி என்னை உக்கார வச்சுட்டு, மதுரை வேலை அவசரம், ஆம்பளைக்குப் பரவால்லன்னு நீங்க போனீங்க. நான் பட்டுப்புடவையோட உக்காந்து கொத்தனாருக்குக் காப்பி போட்டேன். நீங்க கடல் தாண்டியிருக்கீங்க."

"அது பயணக் கணக்குல வராது சுசீ," என்றார் கதிரேசன் ஈனஸ்வரத்தில். "பரஸ்தானமே வைக்கலையே. பை வைக்காமப் போனது எப்படிப் பயணமாகும்?"

"கதிரு," என்றார் முகைதீன் யோசனையாக. "பஞ்சாமிர்தம் கரெக்டா அந்த ரெண்டு பக்கத்துல மட்டும் எப்படி லா கொட்டுச்சு?"

கதிரேசன் மேசை மேல் ஊர்ந்த எறும்பை விரலால் ஓரம் தள்ளினார்.

கவிப்ரியா தாளை எடுத்தாள். சிரிப்பு தொண்டை வரை வந்திருந்தது, வேலை முதலில். "அங்கிள், இங்க பாருங்க. கிளம்பின பத்தாம் தேதியையும் திரும்பின பதினஞ்சாம் தேதியையும் இந்தியாவுக்கே குடுத்துட்டாலும், நடுவுல நாலு நாள் முழுசா வெளிய இருந்திருக்கீங்க. நூத்தி எண்பத்தி மூணுல நாலு போனா நூத்தி எழுபத்தொம்பது. நீங்க வெளிநாட்டுல குடியிருக்கிறவருதான். சிபிஎஃப், டிவிடெண்ட் எதையும் அங்க எழுத வேணாம். பையும் வேணாம், போட்டோவும் வேணாம். முத்திரை இருக்கு."

கதிரேசன் நிமிர்ந்தார். "அப்ப தப்பிச்சேனா?"

"வரியில தப்பிச்சீங்க."

நாள் கணக்குத் தாள் என்று அலுவலகத்தில் ஒன்று உண்டு. எந்த நாளில் எங்கே இருந்தார் என்று எழுதி, வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கவிப்ரியா கொழும்பு நாலு நாளை எழுதி அவர் முன் தள்ளினாள். பேனாவைப் பிடித்தபடி கதிரேசன் அதை வெகுநேரம் பார்த்தார்.

"அஷ்டமின்னு போடணுமா?"

"அந்தக் கட்டம் இல்லை அங்கிள்."

"கையெழுத்தைப் போடு லா," என்றார் முகைதீன். "தங்கச்சிக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. இனிமே யாருக்குப் பயப்படப் போறே?"

கையெழுத்து விழுந்தது. கவிப்ரியா படிவத்தில் நூற்று எழுபத்தொன்பது என்று தட்டினாள். பென்ஷன், வட்டி, ஃபண்ட் லாபம், பிடித்த வரி, எல்லாம் ஏற்கனவே நிரப்பி வைத்திருந்தாள். ஒருமுறை சரிபார்த்து அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். கதிரேசனின் கைபேசியில் ஆறு இலக்கக் கடவு எண் வந்து விழுந்தது. அதைச் சொன்னால் வேலை முடிந்தது.

கதிரேசன் சட்டைப்பையிலிருந்து சின்னப் பஞ்சாங்கத்தை எடுத்தார். பார்த்துவிட்டு மூடினார். "ஆத்தா, ராகு காலம் முடிய இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. அப்புறம் சொல்றேனே."

"நம்பர் பத்து நிமிஷத்துல செத்துரும் அங்கிள்."

"செத்தா இன்னொண்ணு வாங்கிக்கலாம். ராகு காலத்துல..."

சுசீலா அவர் கையிலிருந்து கைபேசியை எடுத்தார். பிடுங்கவில்லை, அப்பளம் எடுப்பதுபோல் எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளைபோல வாசித்தார். "அஞ்சு. சைபர். எட்டு. எட்டு. ரெண்டு. ஏழு." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "தீபாவளிக்கு நான் மட்டும் ஊருக்குப் போறேன். எங்க அக்கா வீட்டுக்கு. அஷ்டமி அன்னைக்கு டிக்கெட்டு போடுங்க. பை எதுவும் வைக்க வேணாம்."

"சரி," என்றார் கதிரேசன்.

திரையில் பச்சை நிறத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது.

இப்போது கண்ணாடி அறைக் கதவு முழுவதும் திறந்து சுரேந்தர் வெளியே வந்தார், எல்லாவற்றையும் தானே நடத்தி முடித்தவர்போலக் கைகளைத் தேய்த்துக்கொண்டு. "அண்ணே, திருப்தியா? நான்தான் சொன்னேன்ல, கவி பாத்துக்கும்னு."

"புள்ள கெட்டிக்காரிதான் தம்பி," என்றார் கதிரேசன். மனைவி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்பவே கெட்டிக்காரி," என்றார்.

"கவி, உன் வேலையை நிரந்தரமாக்கிடலாம்," என்றார் சுரேந்தர். கவிப்ரியா மூச்சு விட்டாள். "பாஸுக்கும் எழுதிடுறேன். ஆனா ஒண்ணும்மா. இப்ப ஆடி மாசம். ஆடியில புதுசா எதுவும் ஆரம்பிக்க வேணாம். ஆவணி பொறக்கட்டும், பதினேழாம் தேதில இருந்து புது சம்பளம், புது மேசை. அது வரைக்கும் இப்படியே இரு. என்ன, ரெண்டு வாரம்தானே?"

விட்ட மூச்சைக் கவிப்ரியா திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டாள். பின்னால் கழிவறைக் கதவு திறந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் மன்னிப்புக் கேட்டார். அவள் மடிக்கணினியை மூடினாள்.

"அங்கிள்," என்றாள் கதிரேசனிடம். "ராகு காலம் எப்ப முடியுது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம் இருங்க, போயிடாதீங்க."

யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் யாரும் போகவில்லை. கீழேயிருந்து நெய் ரோஸ்ட் வாசனை வந்தது. முகைதீன் கோப்பிப் பையின் அடி வரை உறிஞ்சி முடித்தார். கதிரேசன் கடிகாரத்தைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். "ம். போயிடுச்சு. இப்ப நல்ல நேரம்."

கவிப்ரியா மடக்கு மேசைக்கு அடியிலிருந்து தன் சாப்பாட்டுப் பையை எடுத்தாள். அதற்குள் எவர்சில்வர் டிபன் பாக்ஸ், பாதி தீர்ந்த தண்ணீர் புட்டி. கதவோரம் மாட்டியிருந்த குடையையும் எடுத்துக்கொண்டாள். ஏசிக்குக் கீழே, இழுப்பறை வைத்த காலி மேசைக்கு நடந்து போய், பையை நடுவில் வைத்தாள். குடையைப் பக்கத்தில் சாய்த்தாள்.

"பரஸ்தானம் வச்சிருக்கேன் சார்," என்றாள் சுரேந்தரிடம். "புது வேலைக்கு நான் இன்னைக்கே கிளம்பிட்டேன். சம்பளம் முப்பதாம் தேதில இருந்து."

"கவி, இது என்ன விளையாட்டு? அது எப்படி..."

"சட்டப்படி செல்லாது சார். எனக்குத் தெரியும். ஆனா நேத்து இதே எடத்துல நின்னு நீங்கதான் சொன்னீங்க. பை வச்சாச்சுன்னா கிளம்பியாச்சு, வழக்கத்தை நாம மதிக்கணும்னு. அண்ணன் முன்னாடிதான் சொன்னீங்க."

சுரேந்தர் தன் பன்னிரண்டு வருஷ வாடிக்கையாளரைப் பார்த்தார். கதிரேசன் எழுந்து போய்ப் பையைப் பரிசோதித்தார். கிழக்குப் பார்த்து இல்லை என்று அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

"ஆடியில செல்லுமாண்ணே?" என்றார் சுரேந்தர். கடைசி நம்பிக்கை அது.

"பரஸ்தானத்துக்கு மாசம் கெடையாது தம்பி. நேரம்தான்," என்றார் கதிரேசன். அந்த இரண்டு நாளில் அவர் குரலில் முதல்முறையாகப் பழைய தெம்பு வந்திருந்தது. "புள்ள கிளம்பிருச்சு. இனிமே அந்த மடக்கு மேசையில உக்காந்தா பயணம் முறிஞ்சுரும்."

முகைதீன் கைபேசியை உயர்த்திப் பையைப் போட்டோ எடுத்தார். "தேதி, நேரம் எல்லாம் விழுந்திருக்கு லா," என்றார். "சாட்சி வேணும்னா கூப்புடுங்க. நாளைக்குக்கூட ஃப்ரீதான்."

கவிப்ரியா இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். ஒரு எறும்பு இருந்தது. அதை விட்டுவிட்டு, லெட்டரில் போட வேண்டிய தேதியை ஒரு சீட்டில் எழுதி, சுரேந்தர் கையில் கொடுத்தாள்.